நியூசிலாந்தில் நில உரிமை வடிவங்கள்: ஒரு மொழிபெயர்ப்பு வரலாறு

0. முன்னுரை

பசிபிக் பெருங்கடலின் தென்மேற்கில் அமைந்த தீவு நாடு நியூசிலாந்து. வடதீவு, தென்தீவு என்னும் இரு பெருந்தீவுகளையும் பல சிறுதீவுகளையும் கொண்ட அந்நாட்டின் நிலப்பரப்பு ஏறத்தாழ முழுவதும் 1840ஆம் ஆண்டில் மாவோரி மக்களின் வழக்காற்று உரிமையில் இருந்தது. மாவோரி உடைமை நிலம் என்று இன்று சட்டம் வகைப்படுத்துவது சுமார் 14 இலட்சம் ஹெக்டேர்; அது நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 5 விழுக்காடு மட்டுமே. இம்மாற்றத்திற்குப் போர், பறிமுதல், கடன், விற்பனை, நீதிமன்ற நடைமுறை எனக் காரணங்கள் பல. அவை செயற்பட்ட முதன்மை ஆவணங்களுள் பல இரு மொழிகளில் எழுதப்பட்டவை. அல்லது ஒரு மொழியில் எழுதப்பட்டு மற்றொரு மொழியில் பொருள் கொள்ளப்பட்டவை.

அவ்வாவணங்களில் இடம்பெற்ற ஒரு சில சொற்கள், யாருக்கு எந்த நிலத்தில் எத்தகைய உரிமை என்பதைத் தீர்மானித்தன. உடைமையைக் குறிக்கும் சொற்களுக்கு ஒவ்வொரு மொழியிலும் நிகரன் உண்டு என்னும் எடுகோளின் மேல் அந்த ஆவணங்கள் எழுந்தன. அவ்வெடுகோள் பொய்த்தபோது இழப்பு மாவோரி மொழி பேசியோரைச் சேர்ந்தது. இவ்வரலாற்றைச் சொற்களின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1. நிலமும் இலக்கணமும்

மாவோரி மொழியில் நிலத்தைக் குறிக்கும் சொல் 'ஃபெனுவா'. தாயின் வயிற்றில் கருவைப் பேணும் நஞ்சுக்கொடிக்கும் அதுவே பெயர். குழந்தை பிறந்தபின் நஞ்சுக்கொடியைக் குடியின் நிலத்தில் புதைக்கும் வழக்கம் இவ்விரு பொருளையும் இணைக்கிறது. நிலத்தை ஆளும் சமூக அலகாகிய உட்குலத்தைக் குறிக்கும் 'ஹப்பூ' என்னும் சொல்லுக்குக் கருவுற்றிருத்தல் என்பது மற்றொரு பொருள். பெருங்குலத்தைக் குறிக்கும் 'இவி' என்பது எலும்பையும் குறிக்கும். நிலம், உடல், உறவு ஆகிய மூன்றின் சொற்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை இவற்றால் அறியலாம்.

இலக்கணமும் இதற்குச் சான்று தருகிறது. மாவோரி மொழியில் உடைமை உறவு இருவகைப்படும். ஒருவர் தம் செயலால் பெற்று ஆள்பவை 'ஆ' என்னும் உருபு பெறும். உணவு, கைக்கருவி, பிள்ளைகள் ஆகியவை இவ்வகையின. ஒருவருக்கு முன்னரே அமைந்தவை, ஒருவரைத் தாங்குபவை 'ஓ' என்னும் உருபு பெறும். பெற்றோர், உடல் உறுப்புகள், வீடு, படகு ஆகியவை இவ்வகையின. நிலம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 'என் நிலம்' என்று மாவோரி மொழியில் சொல்வோர் 'என் தாய்' என்று சொல்லும் அதே உருபைக் கையாள்கின்றனர். தமிழின் ஆறாம் வேற்றுமையில் தற்கிழமை, பிறிதின்கிழமை என்னும் பாகுபாட்டைத் தொல்காப்பிய உரைமரபு பேசுகிறது. தமிழில் அப்பாகுபாடு பொருண்மையளவில் நிற்க, மாவோரி மொழியில் அதனையொத்த ஒன்று உருபு வேறுபாடாகவே வெளிப்படுகிறது. ஆங்கில உடைமைச் சொல்லில் இவ்வேறுபாட்டைக் காட்டும் வழி இல்லை.

வழக்காற்றில் நிலத்தின் மீதான உரிமை பல அடுக்குகளைக் கொண்டிருந்தது. ஒரே நிலத்தில் ஒரு குடும்பத்திற்குப் பயிர்செய்யும் உரிமையும், வேறொரு குடும்பத்திற்குப் பறவை பிடிக்கும் மரத்தின் மீது உரிமையும், பிறிதொன்றிற்கு விலாங்கு பிடிக்கும் அணையின் மீது உரிமையும் இருக்கக்கூடும். இவற்றுக்கெல்லாம் மேலாக உட்குலத்தின் பொது ஆட்சி நின்றது. மூதாதையர் வழி, போரில் வெற்றி, கொடை ஆகியவை உரிமைக்கு அடிப்படைகளாகக் கொள்ளப்பட்டன. எனினும் நிலத்தில் தொடர்ந்து வாழ்தல் இவற்றை உறுதிப்படுத்த வேண்டும். இதனைக் குறிக்கும் தொடர் 'அஹி கா' என்பது. 'எரியும் நெருப்பு' என்பது அதன் நேர்ப்பொருள். அடுப்பு எரியும்வரை உரிமை உண்டு. நெருப்பு அணைந்து தலைமுறைகள் கடந்தால் உரிமையும் தேயும்.

2. கொடுத்தலும் விற்றலும்

1840க்கு முன்பே ஐரோப்பிய வணிகரும் சமயப் பணியாளரும் வடதீவின் வடபகுதியில் நிலம் பெறத் தொடங்கினர். அக்கால ஆவணங்களில் 'துக்கு' என்னும் வினை பயின்று வருகிறது. கொடுத்தல், விடுதல், அனுப்புதல், இசைவளித்தல் என விரிந்த பொருளுடைய சொல் இது. ஒரு தலைவர் வந்தேறிய ஒருவருக்கு நிலத்தை இவ்வாறு அளித்தால், அவரைத் தம் குடியின் பாதுகாப்பிற்குள் ஏற்றுக்கொள்கிறார் என்பது பொருள். பெற்றவர் அக்குடியோடு இருந்து கடமையாற்ற வேண்டும். அவர் நீங்கினால் நிலம் திரும்பும். ஆங்கில ஆவண மரபோ இதனை என்றென்றைக்குமான முற்றான கைமாற்றமாக எழுதியது. இரு தரப்பும் வெவ்வேறு செயலைச் செய்ததாக நம்பியே ஒரே தாளில் குறியிட்டனர். வைத்தாங்கித் தீர்ப்பாயம் 1997இல் வெளியிட்ட முரிஃபெனுவா நில அறிக்கை இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்துள்ளது.

விற்பனைக்குப் பின்னர் நிலைபெற்ற சொல் 'ஹொக்கோ' என்பது. அடிப்படையில் இது பண்டமாற்றைக் குறிக்கும். பேசுவோரை நோக்கிய திசைக்குறியை இணைத்தால் வாங்குதல் என்றும், அவரிடமிருந்து விலகும் திசைக்குறியை இணைத்தால் விற்றல் என்றும் பொருள்படும். பழந்தமிழில் 'மாறு' என்னும் வினை மாற்றிக்கொள்ளுதலையும் விற்றலையும் ஒருங்கே குறித்தமை இங்கு ஒப்புநோக்கத் தக்கது. பண்டங்களின் மாற்றுக்குப் பிறந்த சொல்லொன்றை, மாற்றப்படாத நிலத்தின் மேல் ஏற்றியபோது அதன் எல்லை எதுவரை என்பது தெளிவாகவில்லை.

3. ஓரிரவு மொழிபெயர்ப்பு

1835 அக்டோபர் 28 அன்று வடபகுதித் தலைவர்கள் 34 பேர் ஒரு சுதந்திரப் பிரகடனத்தில் குறியிட்டனர். பிரித்தானியப் பிரதிநிதி ஜேம்ஸ் பஸ்பி ஆங்கிலத்தில் வரைந்த அதனை ஹென்றி வில்லியம்ஸ் மாவோரியில் ஆக்கினார். அதில் சுதந்திரம் என்பதற்கு 'ரங்கத்திரத்தங்கா' என்னும் சொல் ஆளப்பட்டது. இறைமை அதிகாரம் என்பதற்கு 'மனா' என்னும் சொல்லும் அரசரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து ஆக்கப்பட்ட ஒரு சொல்லும் ஆளப்பட்டன. 'ரங்கத்திரா' என்பது தலைவர். அதனடியாகப் பிறந்த 'ரங்கத்திரத்தங்கா' தலைவர் தன்மையை, அதாவது தலைமையோடு கூடிய ஆளுகையை உணர்த்தும்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் பிரித்தானிய அரசின் சார்பில் ஒப்பந்தம் செய்யக் கடற்படைத் தலைவர் வில்லியம் ஹாப்சன் வந்து சேர்ந்தார். ஆங்கில வரைவு 1840 பிப்ரவரி 4ஆம் நாள் வில்லியம்சிடம் தரப்பட்டது. அவரும் அவர் மகன் எட்வர்டும் அன்றிரவே அதனை மாவோரியில் பெயர்த்தனர். மறுநாள் வைத்தாங்கி என்னும் இடத்தில் அது படிக்கப்பட்டு விவாதிக்கப்பட்டது. பிப்ரவரி 6 அன்று நாற்பதுக்கு மேற்பட்ட தலைவர்கள் குறியிட்டனர். பிற இடங்களில் பெற்ற குறிகளையும் சேர்த்தால் எண்ணிக்கை ஐந்நூற்றைக் கடக்கும். அவற்றுள் ஆங்கில வடிவத்தில் இடப்பட்டவை 39 மட்டுமே. ஆகவே உடன்பாடு பெறப்பட்டது பெரும்பாலும் மொழிபெயர்ப்பின் மேல்.

ஆங்கில வடிவத்தின் முதல் பிரிவு இறைமையை முற்றாக ஒப்படைக்கிறது. மாவோரி வடிவத்தில் அவ்விடத்தில் நிற்கும் சொல் 'காவனத்தங்கா'. ஆளுநரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 'காவனா' எனத் திரித்து ஆக்கிய புதுச்சொல் இது. ஆளுநர் என்னும் பெயரை மாவோரி மக்கள் விவிலிய மொழிபெயர்ப்பில் பிலாத்துவின் பதவிப் பெயராகக் கேட்டிருந்தனர். 1835இல் இறைமைக்கு ஆளப்பட்ட 'மனா' இங்கு இடம்பெறவில்லை.

இரண்டாம் பிரிவு நிலம் பற்றியது. நிலம், சொத்துகள், காடு, மீன்பிடி இடங்கள் ஆகியவற்றை இடையூறின்றித் தம் வசம் வைத்திருக்கும் உரிமையை ஆங்கில வடிவம் உறுதிசெய்கிறது. மாவோரி வடிவம் நிலம், வாழிடம், 'தாவொங்கா' ஆகிய அனைத்தின் மீதும் முழு 'ரங்கத்திரத்தங்கா' உண்டென்று கூறுகிறது. தாவொங்கா என்பது போற்றிக் காக்கத்தக்க செல்வம் எதனையும் குறிக்கும். ஆக, ஆங்கிலத்தில் அனுபோக உரிமை என்றிருந்தது, ஐந்தாண்டுகளுக்கு முன் சுதந்திரத்தைக் குறித்த அதே சொல்லால் பெயர்க்கப்பட்டது. கிறித்தவச் செபத்தில் இறைவனின் அரசைக் குறிக்கவும் இச்சொல்லே ஆளப்பட்டிருந்தது. ஆளுநரின் நிர்வாகத்திற்கு இசைந்து, தம் ஆட்சியைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டதாகத் தலைவர்கள் கருத இம்மொழிபெயர்ப்பு இடமளித்தது.

அதே பிரிவில் மற்றொரு சிக்கலும் உண்டு. நிலத்தை விற்க விரும்பினால் அரசு மட்டுமே வாங்கலாம் என்னும் தனியுரிமையை ஆங்கில வடிவம் அரசுக்கு அளித்தது. மாவோரியில் 'ஹொக்கோ' என்னும் வினையடியாகப் பிறந்த 'ஹொக்கோங்கா' என்னும் பொதுச்சொல்லே அதற்கு அமைந்தது. வாங்குதல் உண்டு என்பது புலப்பட்டது. பிறர் எவரும் வாங்கலாகாது என்பது புலப்படவில்லை. போட்டியின்மையால் அரசு குறைந்த விலைக்கு நிலம் பெற்று, குடியேறிகளுக்குப் பன்மடங்கு விலையில் விற்றது.

ஒப்பந்தத்தின் மாவோரி வடிவத்தைத் தனியே எடுத்து ஆராய வேண்டியதன் தேவையை வரலாற்றாசிரியர் ரூத் ராஸ் 1972இல் எழுதிய கட்டுரை வலியுறுத்தியது. பிற்கால ஆய்வுகளுக்கு அதுவே திருப்புமுனையாயிற்று.

4. உணவு பெறும் இடம்

தென்தீவின் பெரும்பகுதியில் ஙாய் தாஹு குலத்தார் வாழ்ந்தனர். 1848 ஜூன் 12 அன்று அக்கரோவாவில் ஹென்றி கெம்ப் என்னும் அதிகாரி அவர்களிடமிருந்து மிகப் பரந்த நிலப்பகுதியை 2,000 பவுனுக்கு வாங்கும் ஆவணத்தில் குறி பெற்றார். ஆவணம் மாவோரியில் எழுதப்பட்டது. குடியிருப்புகளும் 'மஹிங்கா கை' எனப்பட்டவையும் தமக்கே விடப்படும் என்னும் உறுதி அதில் உண்டு. 'கை' என்பது உணவு. 'மஹிங்கா' என்பது வேலை செய்யும் இடம். விலாங்கு பிடிக்கும் நீர்நிலை, பறவை வேட்டைக்காடு, கிழங்கு அகழும் இடம், கடற்கரை என ஆண்டின் பருவந்தோறும் உணவு திரட்டிய இடங்கள் யாவும் இத்தொடரில் அடங்கும் என்று ஙாய் தாஹு மக்கள் கொண்டனர். ஆங்கில மொழிபெயர்ப்போ தோட்டம் அல்லது பயிர்நிலம் என்று பொருள்படும் சொல்லை இட்டது.

1868இல் நீதிமன்றம் இத்தொடரின் பொருளை ஆய்ந்தபோது குறுகிய பொருளையே ஏற்றது: ஓரிடத்தில் நிலையாக அமைந்த பயிர்நிலங்களும் மீன்பிடி அமைப்புகளும் மட்டுமே அதில் அடங்கும், வேட்டையுரிமை அடங்காது. ஒதுக்கீடாகக் கிடைத்த நிலம் தலைக்குச் சுமார் 10 ஏக்கர் அளவே. தென்தீவின் குளிரில் பயிரை மட்டும் நம்பி வாழ இயலாத மக்கள், ஒரு தொடரின் பொருள் சுருங்கியதால் தம் உணவுப் பரப்பின் பெரும்பகுதியை இழந்தனர். தலைமுறைகள் தொடர்ந்த முறையீட்டிற்குப் பின் தீர்ப்பாயம் 1991இல் அவர்களுக்குச் சார்பாக அறிக்கை அளித்தது. 1998இல் தீர்வுச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தில் 'மஹிங்கா கை' மொழிபெயர்க்கப்படாமல் மாவோரிச் சொல்லாகவே இடம்பெற்றமை கருதத்தக்கது.

5. நீதிமன்றம் ஆக்கிய உடைமையாளர்

1862, 1865ஆம் ஆண்டுச் சட்டங்கள் நிலத்தின் வழக்காற்று உரிமையை அரசுப் பத்திரத்தால் உறுதிசெய்யப்பட்ட ஆங்கிலேய வகை உடைமையாக மாற்றுவதற்கென ஒரு நீதிமன்றத்தை ஏற்படுத்தின. அதன் முன் எழுந்த முதல் வினா 'இந்நிலத்தின் உடைமையாளர் யார்' என்பது. அடுக்கடுக்கான உரிமைகள் நிலவிய சமூகத்தில் இவ்வினாவிற்கு விடையே இல்லை. விடையை நீதிமன்றம் உண்டாக்க வேண்டியிருந்தது. 5,000 ஏக்கருக்கு உட்பட்ட நிலத்திற்குப் பத்துப் பேருக்கு மேல் பத்திரத்தில் இடம்பெறலாகாது என்று 1865ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. உட்குலத்தின் சார்பில் தம் பெயர் எழுதப்படுகிறது என்று அப்பத்துப் பேரும் எண்ணினர். சட்டம் அவர்களையே முழு உடைமையாளராகக் கண்டது. விற்கவும் அடகு வைக்கவும் அவர்கள் கையொப்பமே போதும். பெயர் எழுதப்படாத நூற்றுக்கணக்கானோர் தம் நிலத்திலேயே உரிமையற்றவராயினர். நில அளவைக் கட்டணமும், விசாரணைக்காக நகரில் மாதக்கணக்கில் தங்கிய செலவும் கடனாகி அந்நிலத்தையே விழுங்கியதும் உண்டு.

1873ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோர் பெயரையும் எழுதச் செய்தது. அதனால் வேறொரு தீங்கு விளைந்தது. நிலத்தை விட்டு நீங்கிய பிள்ளைகள் உட்பட எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்னும் விதியை நீதிமன்றம் கைக்கொண்டமையால் பங்குகள் பெருகின. ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள், அவர் ஒவ்வொருவருக்கும் ஐவர் எனக் கொண்டால் மூன்றாம் தலைமுறையில் பங்காளிகள் 25 பேர். 'அஹி கா' என்னும் நெறி, நிலத்தில் வாழாதோரின் உரிமை தேயுமாறு செய்திருந்தது. சட்டத்தின் வாரிசுக் கணக்கில் எந்த நெருப்பும் அணைவதில்லை. ஏப்பிரானா ஙாத்தா போன்ற மாவோரித் தலைவர்கள் பங்குகளை ஒருங்கு திரட்டியும் கூட்டுநிறுவனங்களை அமைத்தும் இச்சிதறலுக்கு மாற்றுத் தேடினர்.

1863ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்த போர்க்காலப் பறிமுதலும், ஒப்பந்தத்திற்குச் சட்டப் பயன் ஏதுமில்லை என்று 1877இல் ஒரு வழக்கில் கூறப்பட்ட தீர்ப்பும் இவ்விழப்பை விரைவுபடுத்தின. 1870இல் டாரன்ஸ் முறை எனப்படும் நிலப்பதிவு முறை வந்தது. பதிவேடே உரிமைக்குச் சான்று என்னும் அம்முறையில், பதிவேட்டில் ஏறாத உறவு எதற்கும் இடமில்லாது போயிற்று.

6. சொற்களின் மீட்சி

1967ஆம் ஆண்டுச் சட்டமொன்று நான்கு அல்லது அதற்குக் குறைந்த உடைமையாளர் கொண்ட மாவோரி நிலத்தைப் பொது நிலமாக மாற்ற வழிசெய்தது. அதனால் எழுந்த கிளர்ச்சியின் உச்சமாக 1975இல் முதியவரான ஃபினா கூப்பர் தலைமையில் வடகோடியிலிருந்து தலைநகர் வெலிங்டன் வரை நெடும்பயணம் நடந்தது. அதே ஆண்டு அமைக்கப்பட்ட வைத்தாங்கித் தீர்ப்பாயத்திற்கு, ஒப்பந்தத்தின் இரு மொழி வடிவங்களையும் கருத்திற் கொண்டு பொருள் காணும் பணி தரப்பட்டது. இரு வடிவங்களும் ஒத்துப்போகாமையால் சட்டம் ஒப்பந்தத்தின் சொற்களை விடுத்து அதன் 'கோட்பாடுகளை' அளவுகோலாக்கியது. 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசு நிலங்கள் பற்றிய வழக்கில் அக்கோட்பாடுகளை விளக்கியபோது, மாவோரி வடிவத்திற்கு மானிடவியலார் ஹியூ கஃபாரு அளித்த புதிய ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்தாண்டது.

மொழியியலார் சிறப்பாகக் கருத வேண்டியது 1986ஆம் ஆண்டு அறிக்கை. ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவிலுள்ள தாவொங்கா என்னும் சொல்லில் மாவோரி மொழியும் அடங்கும் என்று தீர்ப்பாயம் அதில் முடிவுசெய்தது. நிலத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட ஒரு சொல்லின் வழியே மொழி காக்கப்பட வேண்டிய செல்வமாயிற்று. 1987இல் மாவோரி ஆட்சிமொழியாயிற்று. 1993ஆம் ஆண்டின் மாவோரி நிலச் சட்டத்தின் முகப்புரை இரு மொழிகளிலும் அமைந்தது. பொருள் முரண்பட்டால் மாவோரி வடிவமே மேலோங்கும் என்று அச்சட்டம் விதித்தது. நிலம் மூதாதையர் வழிவந்த செல்வம் என்னும் கருத்து அதில் மாவோரித் தொடராலேயே சுட்டப்படுகிறது.

அச்சட்டம் நாட்டின் நிலத்தை ஆறு நிலைகளாக வகுக்கிறது: மாவோரி வழக்காற்று நிலம், மாவோரி உடைமை நிலம், மாவோரியர் உடைமையிலுள்ள பொது நிலம், பொது நிலம், அரசு நிலம், மாவோரியர்க்கென ஒதுக்கிய அரசு நிலம். பொது நிலத்தில் முழுவுடைமை, குத்தகை, அடுக்குமாடிக் குடியிருப்புக்கான அலகுரிமை ஆகியவை வழங்குகின்றன. ஒரே நிலத்தைப் பலர் பங்காக உடைமை கொண்டு, அவரவர் வீட்டை ஒருவருக்கொருவர் 999 ஆண்டுக் குத்தகைக்கு விட்டுக்கொள்ளும் குறுக்குக் குத்தகையும் உண்டு. தென்தீவின் மலைமேய்ச்சல் நிலங்கள் 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்ந்து புதுப்பிக்கத்தக்க அரசுக் குத்தகையில் உள்ளன.

அண்மைக்காலச் சட்டங்கள் உடைமை என்னும் வகைப்பாட்டையே மாற்றியமைக்கின்றன. கடற்கரை, கடலடி நிலம் ஆகியவற்றில் வழக்காற்று உரிமை எஞ்சியிருக்கக்கூடும் என்று 2003இல் நீதிமன்றம் கூறியது. 2004ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அரசுடைமையாக்கியது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கி, பொதுக் கடற்கரைப் பரப்பு அரசு உட்பட எவருக்கும் உடைமையன்று என்று அறிவித்தது. 1954 முதல் தேசியப் பூங்காவாக இருந்த தே உரெவேரா என்னும் காட்டுப்பகுதியை 2014ஆம் ஆண்டுச் சட்டம் சட்ட ஆளாக ஏற்று, அதன் முழுவுடைமையை அதற்கே அளித்தது. 2017இல் ஃபங்கனுயி ஆறும் சட்ட ஆளாயிற்று. மனிதர் நிலத்தைச் சேர்ந்தவர் என்னும் 'ஓ' உருபின் பொருள், ஆங்கிலேயச் சட்ட வடிவத்திற்குள் இவ்வாறு இடம் தேடிக்கொண்டது.

பூசல் முடிந்துவிடவில்லை. வடபகுதித் தலைவர்கள் 1840இல் இறைமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று தீர்ப்பாயம் 2014இல் கூறியது. ஒப்பந்தத்தின் கோட்பாடுகளைச் சட்டத்தால் வரையறுக்க முயன்ற ஒரு மசோதா நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பி, 2025 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் தோல்வியுற்றது.

7. தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு

இவ்வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் வில்லியம்ஸ் எதிர்கொண்ட அதே சிக்கலை எதிர்கொள்கின்றனர். ரங்கத்திரத்தங்கா என்பதற்கு 'உடைமை' என்று எழுதினால் ஆங்கில வடிவத்தின் பக்கம் சாய நேரும். தமிழில் 'ஆட்சி' என்னும் சொல் அரசாளுதலையும் நிலத்தைத் தன்வசம் வைத்து நுகர்தலையும் ஒருங்கே குறிக்கும். கல்வெட்டுகளில் வரும் 'காணி', 'காணியாட்சி' என்னும் வழக்குகள் வழிவழி நிலவுரிமையைச் சுட்டின. எனவே இரண்டாம் பிரிவுக்கு 'ஆட்சி' பொருந்தும். ஆனால் முதல் பிரிவிலும் அச்சொல்லையே இட்டால் இரு பிரிவுகளும் மோதிக்கொள்ளும். அங்கே 'நிர்வாகம்' என்பது மாவோரி வடிவத்திற்கும், 'இறைமை' என்பது ஆங்கில வடிவத்திற்கும் நெருங்கியவை. வழிவழி வந்த தாவொங்காவைக் குறிக்க 'முதுசொம்' என்னும் பழஞ்சொல் கைகொடுக்கும். ஒப்பந்தத்தின் எவ்வடிவம் தமிழாக்கப்படுகிறது என்பதை முதலிலேயே சுட்டுவது இன்றியமையாதது.

தமிழகமும் இத்தகைய பெயர்மாற்றத்தைக் கண்டதே. காணியாட்சி அரபு வழி வந்த 'மிராசு' என்னும் பெயரில் ஆவணங்களில் ஏறியது. அதன் இயல்பு யாதென எல்லிஸ் 1818இல் விரிவாக விடையளிக்க வேண்டியிருந்தது.

8. முடிவுரை

வில்லியம்ஸ் மாவோரி மொழியை நன்கறிந்தவர். எனினும் ஓரிரவில் அவர் தெரிந்தெடுத்த மூன்று நான்கு சொற்களின் பொருளை 180 ஆண்டுகளுக்குப் பின்னும் நீதிமன்றங்களும் நாடாளுமன்றமும் ஆய்ந்துகொண்டிருக்கின்றன. கெம்பின் ஆவணத்தில் ஒரு தொடருக்கு இட்ட குறுகிய நிகரனைத் திருத்த ஒரு குலம் 150 ஆண்டுகள் முறையிட வேண்டியிருந்தது. 1993க்குப் பின்னைய சட்டங்கள் மூலச்சொற்களை மொழிபெயர்க்காமல் நிறுத்தி, முரண்பாட்டில் எவ்வடிவம் மேலோங்கும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்கின்றன. நில உரிமை பற்றிய ஆவணங்களைப் பெயர்ப்போர் பின்பற்றத்தக்க நடைமுறை இது.